வருகைத் தாளில் இட்ட கையெழுத்து: பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி குறித்து நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சாலைகளையும் கட்டுமானத் தளங்களையும் கிடங்குகளையும் அலுவலகங்களையும் நடத்திவரும் நிர்வாகத்தினருக்கும், அங்கே பாதுகாப்புப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்டிருப்பவன் நான். ஆண்டுக்கு ஒருமுறை நடத்தியாக வேண்டிய வகுப்புகள், புதிதாகச் சேர்பவர்களுக்கான அறிமுக வகுப்புகள், தணிக்கைக்கு முந்தைய வாரத்தில் அவசர அவசரமாக ஏற்பாடு செய்யப்படும் வகுப்புகள் என எத்தனையோ அறைகளில் நின்று பேசியிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு தாள் கைமாறும். வந்திருந்தவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்திடுவார்கள். கடைசியில் பயிற்றுநர் என்று அச்சிட்ட இடத்தில் நான் கையெழுத்திடுவேன். அந்தத் தாளுக்கு நம் நிறுவனங்களில் ஏறியிருக்கும் மதிப்பைப் பற்றியும், அதற்குக் கீழே புதைந்துபோன பயிற்சியைப் பற்றியும் உங்களிடம் நேராகப் பேசவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பயிற்சி அளித்த ஒரு தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர் கன்வேயரில் சிக்கியிருந்த இரும்புத் துண்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். நின்றிருந்த பெல்ட் திடீரென ஓடத் தொடங்கியது. வலக்கையில் மூன்று விரல்கள் போயின. பெல்ட்டை ஓடவிட்டவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். உள்ளே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விசாரணைக் கூட்டத்தில் மேசைக்கு முதலில் வந்தது பயிற்சிக் கோப்புதான். விபத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன் நடந்த வகுப்பில் அந்த ஃபிட்டர் இருந்திருக்கிறார், கையெழுத்திட்டிருக்கிறார், வகுப்பு முடிவில் வைத்த தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறார். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. "பயிற்சி அளிக்கப்பட்டது, தொழிலாளர் கடைப்பிடிக்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு அந்த விசாரணை முடிந்துவிடும் நிலையில் இருந்தது.

அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். "நீங்க சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு சார். ஆனா, போடச் சொன்னீங்களே, அந்தப் பூட்டு எங்கே இருந்துச்சு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இயந்திரத்தைப் பூட்டிக் குறிச்சீட்டு மாட்டும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. வேலை தொடங்குமுன் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்து, இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரமோ நீராவியோ அழுத்தக் காற்றோ எதுவாக இருந்தாலும் அதன் மூலத்திலேயே துண்டித்து, அந்த இடத்தில் வேலை செய்பவர் தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தம் பெயர் எழுதிய சீட்டை மாட்டி, உள்ளே தேங்கியிருக்கும் விசையை வெளியேற்றி, பின்னர் இயக்கும் பொத்தானை அழுத்தி அது ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். இதைத்தான் நான் பன்னிரண்டு படங்களில் காட்டினேன். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் பூட்டுகள் எல்லாம் ஷிப்டு பொறுப்பாளரின் அறையில் ஓர் அலமாரிக்குள் இருந்தன. அலமாரியின் சாவி ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவர் இரவு ஷிப்டில் வருவதில்லை. கன்வேயர் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மறுநாள் காலைக் கூட்டத்தில் விளக்கம் கேட்கப்படும். நான் காட்டிய படங்களில் இருந்ததோ அவர் வாழ்நாளில் தொட்டிராத வேறோர் இயந்திரம். ஆக, அவர் செய்ய முடியாத ஒன்றை அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததற்குச் சான்றாக அவரிடமே கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம்.

அன்றைய வகுப்பை அறையில் நடத்தாமல் அந்தக் கன்வேயரின் பக்கத்தில் நடத்தி, "இப்போது இதைப் பூட்டிக் காட்டுங்கள்" என்று ஒரே ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். பூட்டு இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்காமல் விட்டது என் பிழை. அதை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வசதி அந்த வகுப்புக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் உண்மை. ஒன்றரை மணி நேரம், எழுபது பேர், ஒரு கூடம், ஒரு திரை. உற்பத்தியை நிறுத்தாமல் "முடித்துத் தர" வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட கட்டளை.

பயிற்சி என்பது மேலிருந்து கீழே மட்டும் போகும் சொற்பொழிவு என்று எண்ணுவதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் கருத்து. இயந்திரத்தோடு நாள்தோறும் புழங்குகிறவருக்குத் தெரிந்தவை பல, உங்கள் நடைமுறை ஏடுகளில் இருப்பதில்லை. எந்தக் காப்புத் தகடு அதிர்வில் கழன்றுவிடும், எந்த அவசர நிறுத்தப் பொத்தானுக்கு முன்னால் எப்போதும் சரக்கு அடுக்கப்பட்டிருக்கும், எந்த அளவுமானி பல மாதங்களாக ஒரே எண்ணைக் காட்டுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பயிற்சி நாள்தான் அவர் அதைச் சொல்வதற்கு வாய்க்கும் ஒரே நாள். பயிற்சியில் எழும் ஒவ்வொரு கேள்வியையும், "இது இங்கே நடக்காது சார்" என்று பின் வரிசையிலிருந்து எழும் ஒவ்வொரு முணுமுணுப்பையும் ஓர் அபாய அறிக்கையாகக் குறித்துக்கொண்டு, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பதை அடுத்த வாரத்திற்குள் எழுதி ஒட்டும் நிறுவனங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே அடுத்த வகுப்புக்கு ஆட்கள் தாமாக முன் வரிசையில் வந்து அமர்கிறார்கள்.

இந்த இடத்தில், நிர்வாகத்தினருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அபாயக் கட்டுப்பாட்டில் ஒரு படிவரிசை உண்டு. அபாயத்தையே நீக்குவது முதற்படி. அதைவிடத் தீங்கு குறைந்த பொருளையோ முறையையோ மாற்றாகக் கொண்டுவருவது அடுத்தது. காப்புத் தகடு, காற்றிழுப்பான், தானியங்கி நிறுத்தி போன்ற பொறியியல் ஏற்பாடுகள் மூன்றாவது. விதிமுறை, எச்சரிக்கைப் பலகை, பயிற்சி ஆகியவை நான்காவது. தலைக்கவசமும் கையுறையும் முகமூடியும் கடைசி. பயிற்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட நானே சொல்கிறேன்: பயிற்சி நான்காம் படியில்தான் இருக்கிறது. வெட்டும் விளிம்புக்குக் காப்புத் தகடு போட வேண்டிய இடத்தில், "கவனமாக வேலை செய்வது எப்படி" என்று ஒரு வகுப்பை ஏற்பாடு செய்தால், இயந்திரத்தின் குறையை மனிதனின் கவனத்தின் மேல் சுமத்துகிறோம் என்றே பொருள். எட்டு மணி நேரமும், களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும், வீட்டுக் கவலையின் நடுவிலும் குறையாத கவனம் எந்த மனிதருக்கும் வாய்ப்பதில்லை.

பயிற்சியால் மட்டுமே ஆகக்கூடிய காரியங்களும் உண்டு. அவற்றில்தான் கையெழுத்துத் தாள் நம்மை மிக மோசமாக ஏமாற்றுகிறது. தொட்டி, குழி, கழிவுநீர்த் தொட்டி போன்ற மூடிய இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறது, 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடம் ஆக்சிஜன் குறைந்த இடமாகக் கருதப்படுகிறது. மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியின் உட்சுவர் துருப்பிடிப்பதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடப் போதுமானது. அங்கே வாடையும் இருக்காது, புகையும் இருக்காது. கழிவு அழுகும்போது உண்டாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் இடத்திலோ அழுகிய முட்டையின் நாற்றம் தொடக்கத்தில் மட்டுமே எச்சரிக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கே மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது, ஆகவே ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வைத்துவிடும். உள்ளே போனவர் சரிந்து விழுவதை மேலிருந்து பார்க்கும் தோழர் ஒரு கணமும் யோசிக்காமல் இறங்குகிறார். அவரும் விழுகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குகிறார். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று பதிவுசெய்தது.

"தோழர் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று நான்கு விடைகளோடு தாளில் கேட்டால், "உள்ளே இறங்காமல் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்" என்பதை எல்லாரும் சரியாகவே குறிப்பார்கள். ஆனால் கண்ணெதிரே நண்பர் விழுந்து கிடக்கும்போது இறங்காமல் நிற்பதும், இறங்கத் துடிக்கும் இன்னொருவரைப் பிடித்து நிறுத்துவதும் தாளில் வரும் அறிவு அன்று. அது மூன்று கால் தாங்கியும் கயிறும் கப்பியும் வைத்து, ஒரு பொம்மையை உள்ளே கிடத்தி, ஒருவரைக் காவலாளாக மேலே நிறுத்தி, மீண்டும் மீண்டும் செய்து பார்த்தால் மட்டுமே உடம்பில் ஊறும் பழக்கம். அந்த ஒத்திகையில்தான் கப்பியின் கயிறு தொட்டியின் அடியை எட்டவில்லை என்பதும், ஆள் இறங்கும் துளையின் விட்டத்தில் மூச்சுக்கருவி அணிந்தவர் நுழைய முடியாது என்பதும் தெரியவரும். இரண்டையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் பயிற்சிக் கோப்பு நூறு சதவீதம் நிறைவாக இருந்தது.

தீயணைப்பானும் இப்படித்தான். சுவரில் மாட்டியிருப்பதை ஆண்டாண்டாகக் கடந்து போகிறவர்களில் பலர் அதை ஒருமுறைகூடக் கையில் தூக்கியதில்லை. சிறிய தீயணைப்பான் சில நொடிகளிலேயே காலியாகிவிடும் என்பதைக் கேட்டு வியக்கிறவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் சந்திக்கிறேன். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிபார்த்து, பக்கவாட்டில் வீசி அடித்து, வெளியேறும் வழியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்க ஒரு மைதானமும் பத்து நிமிடமும் போதும்.

1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய்த் தளத்தில் 167 பேர் இறந்தனர். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்த செய்தி இரவு ஷிப்டைச் சென்றடையவில்லை. அவர்கள் அந்தப் பம்பை இயக்கியபோது கசிவு தொடங்கியது. எந்த வேலை எங்கே நடக்கிறது என்று எழுதி அனுமதி பெறும் பணி அனுமதிச் சீட்டு முறை அங்கே இல்லாமல் இல்லை; எழுத்தில் இருந்தது. பிரிட்டிஷ் நீதிபதி கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளோடு வெளிவந்தது. அனுமதிச் சீட்டு முறை நடைமுறையில் எவ்வாறு தளர்ந்திருந்தது, புதிதாக வருபவர்களுக்கான பாதுகாப்பு அறிமுகம் எவ்வளவு மேலோட்டமாக இருந்தது, அவசரகால ஒத்திகைகள் உரிய இடைவெளியில் நடக்காமல் போனது எப்படி என்பதையெல்லாம் அது விளக்குகிறது. தங்குமிடப் பகுதியில் கூடி உத்தரவுக்காகக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் புகையில் மாண்டனர். உயிர் பிழைத்தவர்கள் 61 பேர். அவர்களில் பலர் தாமாகவே வழி தேடிக் கயிற்றில் இறங்கியோ கடலில் குதித்தோ தப்பியவர்கள். இந்த அறிக்கையைப் படித்த பிறகு, ஷிப்டு மாறும் அந்தச் சில நிமிடங்களைப் பயிற்சியின் மையத்தில் வைக்காத எந்தத் திட்டத்தையும் என்னால் முழுமையானது என்று ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் 2008 பிப்ரவரி 7 அன்று சர்க்கரை ஆலை ஒன்று வெடித்ததில் 14 பேர் இறந்தனர். வெடித்தது காற்றில் கலந்த சர்க்கரைத் தூள். நுண்தூள் காற்றில் மிதந்து, மூடிய இடத்தில் ஒரு பொறியைச் சந்தித்தால் வெடிக்கும். முதல் வெடிப்பின் அதிர்வில் உத்திரங்களிலும் குழாய்களின் மேலும் படிந்திருந்த தூளெல்லாம் கிளம்பி, அடுத்தடுத்த வெடிப்புகளுக்கு எரிபொருளாகும். அந்தத் தூள் அந்த ஆலையில் ஆண்டுக்கணக்காகப் படிந்து கிடந்தது. அங்கே வெளியேறும் ஒத்திகைகளும் நடத்தப்பட்டிருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. இருளிலும் புகையிலும் வழி தேடியவர்களுக்கு, அந்தக் கட்டடத்தின் படிகளும் நடைகளும் கால்களுக்குப் பழகியிருக்க வேண்டும். பழக்கியிருக்க வேண்டியவர்கள் பழக்கவில்லை.

பழக்கியவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்த ரிக் ரெஸ்கார்லா, 1993இல் அங்கே குண்டு வெடித்த பின்னர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஊழியர்களையும் படிகளில் இறக்கி ஒத்திகை நடத்தினார். வேலை கெடுகிறது என்ற மனக்குறை பலருக்கு இருந்தும் அவர் விடவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று தெற்குக் கோபுரத்திலிருந்து அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ 2,700 பேர் படிகளில் இறங்கி உயிர் தப்பினர். எஞ்சியிருப்போரைத் தேடி மீண்டும் மேலே ஏறிய ரெஸ்கார்லா திரும்பவில்லை. ஒத்திகைக்கு அரை மணி நேரம் ஒதுக்கத் தயங்கும் மேலாளர் ஒருவரைச் சந்திக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

விபத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் வேலையால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் விபத்தில் இறப்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை தொடர்பான காரணங்களால் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர், மற்ற ஏறத்தாழ 26 லட்சம் பேரும் வேலை தந்த நோயால் இறப்பவர்கள். நம் பயிற்சித் தாள்களிலோ நோய்க்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படுவதில்லை. கல்லையும் கான்கிரீட்டையும் நீரின்றி உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசியில் நுரையீரலின் அடிவரை போகும் துகள் கண்ணுக்கே தெரியாது. நீர் தெளித்து அறுப்பதும், தூசியை வாளியும் துடைப்பமுமாகப் பெருக்காமல் உரிய வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுப்பதும், அழுத்தக் காற்றால் உடையைத் தட்டிக்கொள்ளாமல் இருப்பதும் செய்து காட்டிப் பழக்க வேண்டியவை. முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டிய முகமூடி, தாடி உள்ள முகத்தில் பொருந்தாது என்பதையும், யாருக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதைச் சோதித்துப் பார்த்தே தர வேண்டும் என்பதையும் மேற்பார்வையாளர்களே அறியாத இடங்கள் உண்டு.

காது குறித்து எனக்குத் தனியான ஆதங்கம் உண்டு. அதைச் சற்று விரித்தே சொல்கிறேன். 85 டெசிபெல் அளவுள்ள ஓசையில் எட்டு மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு மேல் ஓசை ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அங்கே இருக்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. கை நீட்டும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த எல்லை தாண்டப்பட்டிருக்கலாம் என்று கொள்ளலாம். இதற்காக நிறுவனங்கள் நுரையாலான காதடைப்பான்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கின்றன. வழங்கியதற்குக் கையெழுத்தும் வாங்குகின்றன. ஆனால் அதைப் போடும் முறையைக் கற்றுத் தருபவர் அரிது. விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல் நுனியை மேலும் பின்னுமாக இழுத்து, துளை நேராகியதும் உள்ளே செலுத்தி, நுரை விரிந்து அடைத்துக்கொள்ளும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். இப்படிப் போடாவிட்டால் அது காதின் வாயிலில் தொங்கும் அணிகலனாகத்தான் இருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்காது. ஒருவருக்கு இரண்டு நிமிடம் செலவிட்டால் போதும். இழந்த செவித்திறனை எந்த மருத்துவமும் மீட்டுத் தராது. பேரக் குழந்தையின் மழலை தமக்குக் கேட்பதில்லை என்று ஓய்வு பெற்றவர்கள் என்னிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன்; அவர்கள் ஒவ்வொருவருக்கும் காதடைப்பான் வழங்கப்பட்டதற்கான கையெழுத்து எங்கோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும்.

அலுவலக ஊழியர்களுக்குத் தேவைப்படும் பயிற்சி இதைவிடச் சிறியது. நாற்காலியையும் திரையையும் தம் உடலுக்கேற்ப அமைத்துக்கொள்வது, கட்டடத்தின் இரண்டாவது வெளியேறும் வழி எது என்று நடந்து பார்ப்பது, முதலுதவிப் பெட்டியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் எங்கே என்று அறிவது ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

புதியவர்களைப் பற்றியும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்லாமல் இந்த மடல் நிறைவு பெறாது. ஒரு வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்கு, ஓராண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவரைக் காட்டிலும் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்பதைக் கனடாவின் வேலை, உடல்நல ஆய்வு நிறுவனம் தொடர்ந்து காட்டிவந்திருக்கிறது. இருந்தும், புதியவரின் முதல் நாளில் நாம் செய்வது என்ன? அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறோம், இருபது நிமிடக் காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டுகிறோம், தலைக்கவசத்தைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறோம். ஒப்பந்ததாரர் மூலம் வருபவருக்கு அந்த இருபது நிமிடமும் கிடைப்பதில்லை. "அவர்களுக்குப் பயிற்சி தருவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். இயந்திரம் உங்களுடையது, தொட்டி உங்களுடையது, அதனுள் என்ன வாயு இருக்கும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்தான் சொல்லித் தர வேண்டும்.

மொழியும் இதனோடு சேர்ந்ததே. தொழிலாளருக்குப் புரியாத மொழியில் நடத்தப்படும் வகுப்பைப் பயிற்சி என்று எழுதிக்கொள்வது பொய்ப் பதிவு என்றே கருதுகிறேன். அவர் வேலையிடத்தில் தோழரோடு எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியில், அந்த இடத்தில் அந்தக் கருவிக்கு வழங்கும் பெயரைச் சொல்லியே கற்பிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையெழுத்துக்கு மாறாகப் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போவதில் யாருக்கு என்ன பாதுகாப்பு? அவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் செய்து காட்டுவார், செய்ய முடியாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும்.

இவையெல்லாம் நான் புதிதாகக் கேட்பவை அல்ல. 1981இல் நிறைவேறிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை, தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் உரிய பயிற்சி தரப்பட வேண்டும் என்றும், பாதுகாப்பு நடவடிக்கைகளுக்காகத் தொழிலாளர் தம் கைக்காசைச் செலவிடும் நிலை வரக் கூடாது என்றும் சொல்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருக்கும்போது வேலையிலிருந்து விலகிக்கொண்டவருக்கு, அதற்காகத் தீங்கு எதுவும் நேராமல் காக்க வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு. 2022 ஜூனில் அதே அமைப்பின் மாநாட்டில், பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழல் என்பது வேலையின் அடிப்படைக் கோட்பாடுகளிலும் உரிமைகளிலும் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989ஆம் ஆண்டு நெறிமுறை, வேலையில் சேரும்போதும், இடம் மாறும்போதும், புதிய கருவியோ தொழில்நுட்பமோ வரும்போதும் பயிற்சி தர வேண்டும் என்றும் அது வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறது. உங்களில் பலர் சான்றிதழ் பெற்றுச் சுவரில் மாட்டியிருக்கும் பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 45001 தரம்கூட, 2018இல் வெளிவந்த நாள்முதல், தொழிலாளரின் திறனை உறுதிசெய்யச் சொல்கிறது. அவர் வகுப்பில் அமர்ந்திருந்தார் என்பதைக் காட்டினால் போதும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

13ஆம் பிரிவைப் பற்றி இன்னும் ஒரு சொல். வேலையை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்று நான் வகுப்பில் சொல்லும்போது, தொழிலாளர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அறையின் ஓரத்தில் நிற்கும் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த முகத்தில் எழுதியிருப்பதுதான் அவர்களுக்கான பயிற்சி. ஆகவே முதலில் மேற்பார்வையாளருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒருவர் வந்து "இது ஆபத்தாக இருக்கிறது" என்று சொன்னால் அந்த நிமிடத்தில் என்ன சொற்களால் பதில் சொல்ல வேண்டும், யாரை அழைக்க வேண்டும், நின்றுபோன உற்பத்திக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிராது என்ற உறுதியை அவருக்கு யார் தருவார் என்பதையெல்லாம் அவரோடு அமர்ந்து பேசித் தீர்மானியுங்கள். நிறுத்தியவரைத் தண்டித்துவிட்டு நிறுத்தும் உரிமையைப் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லி என்னை அழைத்த இடமும் உண்டு. அந்த அழைப்பை நான் ஏற்கவில்லை.

கணினித் திரையில் முடிக்கும் பாடங்களைப் பற்றிப் பலர் என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள். வேதிப்பொருள் குறியீடுகளின் பொருளையோ விதிகளில் வந்த மாற்றத்தையோ தெரிவிக்க அவை பயன்படும். அந்த அளவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1971 முதல் 2003 வரை நடந்த 95 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் 2006இல் வெளியான ஆய்வு, கற்பவர் எந்த அளவுக்குத் தம் கையால் செய்தும் உரையாடியும் ஈடுபடுகிறாரோ அந்த அளவுக்கு அறிவு கூடுவதையும் விபத்துகளும் நோய்களும் குறைவதையும் காட்டியது. "அடுத்து" என்ற பொத்தானை அறுபது முறை அழுத்துவது எந்த வகையில் ஈடுபாடு ஆகும்? இரவு ஷிப்டு முடித்தவர்கள் உறக்கத்தை இழந்து இந்தப் பாடங்களை வீட்டில் முடிப்பதையும், ஒருவர் பத்துப் பேருக்காக உட்கார்ந்து பொத்தான் அழுத்திக் கொடுப்பதையும் நீங்கள் அறியாமல் இருக்க முடியாது.

அந்தத் தாளை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு எப்போது என்ன கற்பிக்கப்பட்டது என்ற பதிவு தேவைதான். அதில் ஒரு பத்தியைக் கூட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்: இவர் இந்த வேலையை, இந்தக் கருவியில், இன்னாருடைய கண்முன் செய்து காட்டினார் என்ற பத்தி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: செய்து காட்டும்போது எது தடையாக இருந்தது, அதை யார் எப்போது நீக்கினார் என்பது. எழுபது பேரை ஒரு கூடத்தில் அடைப்பதற்குப் பதிலாக எட்டு எட்டுப் பேராக, அவரவர் வேலையிடத்தில், வேலை நேரத்துக்குள், ஊதியத்தோடு நடத்துங்கள். செலவு கூடும், உற்பத்தி சில மணி நேரம் குறையும். அந்தக் கணக்கை நான் மறைக்கவில்லை. ஆண்டுத் திட்டத்தில் அந்த மணி நேரங்களை முன்கூட்டியே கழித்துவிட்டு இலக்கை நிர்ணயிக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. பயிற்றுநருக்கோ மேற்பார்வையாளருக்கோ இல்லை. ஆகவேதான் இந்த மடல் உங்கள் பெயருக்கு வருகிறது.

அந்த ஃபிட்டர் இப்போது அதே தொழிற்சாலையின் பண்டகசாலையில் வேலை பார்க்கிறார். விசாரணை அறிக்கையிலிருந்து அந்த ஒற்றை வரி நீக்கப்பட்டது. பராமரிப்புப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த பூட்டு ஒன்று தரப்பட்டது. அவற்றை வழங்குகிறவர் அவர்தான். புதிதாகச் சேர்பவர் பூட்டு வாங்க வந்தால், கன்வேயர் வரை உடன் நடந்து போய், பூட்டச் சொல்லி, இயக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லி, அது ஓடவில்லை என்பதைத் தாமும் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார். உங்கள் நிறுவனத்தில் அடுத்த பயிற்சி நடக்கும் நாளில் நீங்களும் அப்படி ஒருவரோடு இயந்திரம் வரை நடந்து போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணியிடப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஒருவர்